கொடுவாவுக்கு விட்ட விரல்கடை

மணக்குடிக் காயல் கரையில் ஒரு சாயாக்கடை இருக்கிறது. அங்கே பலகாரக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே, சுவருக்குச் சுவர், ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கும். அதில் வரிசையாகப் பொய்மீன்கள் தொங்கும். தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கட்டுகிறவை. பிளாஸ்டிக்கில் வார்த்தவை, மரத்தில் செதுக்கியவை, வால் மட்டும் ரப்பரில் வைத்தவை. பெரும்பாலானவற்றில் பெயிண்ட் உரிந்து பல் பதிந்த தடம் தெரியும். எங்கள் தூண்டில் கிளப்பில் ஆண்டுக்கு ஒரு போட்டி உண்டு. அந்தப் போட்டி நாளில் அறுபது சென்டிமீட்டருக்குக் குறையாத கொடுவா மீன் ஒன்றைப் பிடித்து, பலகையில் கிடத்தி அளந்து, உயிரோடு திரும்பவும் காயலில் விட்டவருடைய பொய்மீன்தான் அந்தக் கயிற்றில் ஏறும். மொத்தம் பதினொன்று தொங்குகின்றன. அதற்கப்புறம் கயிறு காலியாகத்தான் கிடக்கிறது. அந்தக் கடையில் ரசவடை பிரமாதமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதன் ருசி ஞாபகமே இல்லை. வடையைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தக் காலிக் கயிற்றைப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது.

நான் கோட்டாறில் துணிக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் மீன் நுழைந்ததே இல்லை. நாற்பத்தேழு வயதில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. "தின்னாத மீனை எதுக்கு வே பிடிக்கீரு?" என்று பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் தினமும் ஒரு தடவை கேட்பார். மீட்டர் கோலை மேஜையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.  எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

என் மனைவிக்கு இது வேறு கவலை. "தின்னவும் மாட்டிய, விக்கவும் மாட்டிய. பிடிச்சதைத் திரும்ப விட்டுட்டு வாறதுக்கு வீட்டுல கிடந்து ஒறங்கலாமே" என்றாள். கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு விட்டுக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் புழக்கடைக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்தத் துணிகளுக்குத் தனி வாளி. மூன்றாவதைச் சொல்லும்போது அவள் குரல் மாறியது. "ஒரு மீனு உங்க கையில செத்துதுன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே அந்தக் கம்பை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்." செய்கிறவள்தான்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் ஒரு வாடிக்கையாளர். கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், என் வயதுதான் இருக்கும். ஒருநாள் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, நல்ல கட்டியா ஒரு துணி வேணும். ஏழடி நீளத்துக்கு ஒரு உறை தைக்கணும்" என்றார். ஏழடிக்கு என்ன உறை, யாருக்கு என்று கேட்டேன். கடை வாசலுக்குப் போய், பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்திருந்த தூண்டில் கம்பைக் கொண்டுவந்து காட்டினார். சுண்டுவிரல் பருமனில் தொடங்கி நுனியில் ஊசியாக முடிந்தது. நான் கேட்டது அதில் சுற்றியிருந்த நூலைப் பற்றி. எட்டு இழை பின்னிய நூல், தையல் நூலை விட மெலிசு. "பத்து கிலோவ தூக்கும்" என்றார். முப்பது வருடம் நூலோடு பிழைத்தவன் நான், நம்பவில்லை. இழுத்துப் பாருங்கள் என்று கொடுத்தார். இழுத்தேன். விரலில் கோடு விழுந்து ரத்தம் வந்தது, நூல் அப்படியே இருந்தது. அந்த நிமிடமே நான் கவிழ்ந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்கு அன்றைக்கு அளந்து கொடுத்ததைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணியை மீட்டர் கோலில் அளக்கும்போது முனையைச் சரியாகக் கோலின் தொடக்கத்தில் பிடிக்கமாட்டோம். கட்டைவிரல் அகலத்துக்கு முன்னால் தள்ளிப் பிடிப்போம். அந்தத் துண்டு அளவில் வராது, வாங்குகிறவருக்குப் போகும். விரல்கடை விடுவது என்று அதற்குப் பேர். நனைத்தால் சுருங்கும், தையற்காரர் வெட்டும்போது கோணும், அதற்கெல்லாம் அது ஈடு. வாங்குகிறவரிடம் சொல்வதும் கிடையாது. முப்பது வருடத்தில் என் கட்டைவிரல் அதைத் தானாகவே செய்யப் பழகிவிட்டது. நான் யாரையாவது திட்டிக்கொண்டே அளந்தாலும் அது தன் பாட்டுக்கு முன்னால் தள்ளிக்கொள்ளும்.

ரப்பர்காரர் (கிளப்பில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை முதன்முதலாக மணக்குடிக்குக் கூட்டிப்போன காலையை என்னால் மறக்க முடியாது. கோட்டாறுக்குப் பக்கத்தில் ஓடுகிற அதே பழையாறுதான் இங்கே வந்து காயலாகிக் கடலில் சேர்கிறது. எங்கள் ஊரில் அதைப் பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. இங்கே அது இன்னொரு ஆறு. அலையாத்திச் செடிகள் வேரை வெளியே நீட்டிக்கொண்டு சேற்றில் நின்றன. வெயில் இன்னும் ஏறவில்லை. பொழிமுகத்துக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது, காயலில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவர் கம்பை வீசியதைப் பார்த்தேன். தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும்தான். விடியும் முன்னே எழுந்து மரம் மரமாகப் போய், தடிக்குச் சேதமில்லாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுக்கிற கை. பொய்மீன் முப்பதடி பறந்து போய், இரண்டு வேர்களுக்கு நடுவே ஒரு உள்ளங்கை அகல இடத்தில், சத்தமே இல்லாமல் இறங்கியது. அடுத்த வீச்சு அதற்கு அடுத்த இடைவெளியில். அதற்கடுத்தது அதற்கடுத்ததில்.  

ஐந்தாவதோ ஆறாவதோ வீச்சில் அந்தச் சத்தம் கேட்டது. கொடுவா இரையை அடிக்கும் சத்தம். கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து அறை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.  பயந்துவிட்டேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். அடுத்த நொடி, நீரைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளிப் பாளம் எழுந்தது, தலையை இப்படியும் அப்படியும் உதறியது, விழுந்தது. காயல் மறுபடி சுருக்கமில்லாமல் ஆனது. கொக்கி கழன்றிருந்தது. ரப்பர்காரர் நூலைச் சுற்றிக்கொண்டே, "கொள்ளாம், நல்ல மீனு" என்றார், ஏதோ நல்ல மனிதரைப் பற்றிச் சொல்வது மாதிரி. வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் எனக்குக் காதில் அந்த அறை ஒலித்துக்கொண்டே இருந்தது.

கற்றுக்கொள்ள வருடங்கள் ஆயின. முதல் ஆறு மாதம் நான் மீனைப் பிடித்ததை விட அலையாத்திச் செடியைப் பிடித்ததுதான் அதிகம். ரீலில் நூல் சிக்கிக்கொண்டால் மற்றவர்கள் அறுத்து எறிவார்கள். நான் உட்கார்ந்து பிரித்துவிடுவேன். கிளப்பில் சிக்கெடுப்பதில் மட்டும் நான்தான் முதல் ஆள். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார்கள். முதல் வருடப் போட்டியில் எனக்கு ஒரு நண்டு மட்டும் கிடைத்தது, அதுவும் தானாகவே நூலைப் பிடித்துக்கொண்டு வந்தது. இரண்டாம் வருடம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டரில் ஒரு கொடுவா. பலகையில் அதைப் பார்த்தபோது ஆனந்தப்படுவதற்குப் பதில் எரிச்சல்பட்டேன். அந்த மீனிடம் இன்றைக்கும் எனக்கு ஒரு மன்னிப்புப் பாக்கி இருக்கிறது.

கிளப்பின் செயலாளர் ஒரு கணக்கு டீச்சர். நெய்யூர்ப் பக்கம் பள்ளிக்கூடம். காயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி ரப்பர்காரர் கையிலிருந்து வந்தது, மீதிப் பாதி டீச்சர் வாயிலிருந்து. கொடுவா எல்லாம் முதலில் ஆணாகத்தான் இருக்கும், வளர்ந்து பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும் என்று ஒருநாள் அவர் சாயா குடித்துக்கொண்டே சொன்னார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "எல்லாமேவா?" என்று கேட்டேன். "அனேகமா எல்லாம். ரொம்பப் பெருசா பிடிச்சியளோ, அது அம்மா மீனாக்கும்" என்றார். அதை வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். தண்ணீரை வடித்துவிட்டு, "பின்னே, பாத்துப் பிடிங்க" என்றாள்.

அளக்கும் பலகையும் டீச்சர் செய்ததுதான். பலா மரப் பலகையில் அவரே கோடு கோடாக வரைந்து எண் எழுதியிருந்தார். ஒரு முனையில் சிவப்புக் கோடு, அதுதான் பூஜ்யம். விதியைப் போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் வாசிப்பது மாதிரி வாசிப்பார். மீனின் மூக்கைச் சிவப்புக் கோட்டில் வைக்க வேண்டும். வால் நுனி எந்தக் கோட்டில் முடிகிறதோ அதுதான் நீளம். அன்றைய நாளுக்கென்று கொடுத்த டோக்கனைப் பக்கத்தில் வைத்து, ஜோடியாக வந்தவர் போட்டோ எடுக்க வேண்டும். மீன் உயிரோடு நீந்திப் போக வேண்டும். இல்லையென்றால் கணக்கில்லை.

மூன்றாம் வருடப் போட்டி ஒரு சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கிளப்பில் பாதிப் பேருக்கு சர்ச் உண்டு. கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். நானும் ரப்பர்காரரும் ஒரே வள்ளத்தில். விடிந்து ஆறு மணிக்கு விசில், பதினோரு மணிக்கு மறு விசில். அவருடைய பொய்மீன் கயிற்றில் ஏறி ஐந்து வருடம் ஆகிறது. அதனால் அன்று அவர் கம்பைத் தொடவே இல்லை. கழியை ஊன்றி வள்ளத்தை நகர்த்துவதும், இடத்தைக் காட்டுவதும், என்னைத் திட்டுவதுமாக இருந்தார்.

எட்டு மணி வரை ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்கும் ஒன்றுமில்லை. வெயில் முதுகில் ஏறியது. எனக்குள் கோபமும் ஏறியது, யார் மேல் என்று தெரியாமல். ஒரு வீச்சை வேண்டுமென்றே முரட்டுத்தனமாக வீசினேன், அது போய் ஒரு கிளையில் மாட்டியது.

"வெப்ராளப்படாதேயும் அண்ணாச்சி, கோவத்துல எறியாதேயும். நீரு எறங்குது பாத்தீரா? இப்பதான் பொடி மீனெல்லாம் வேருக்க உள்ள இருந்து வெளிய வரும். பைய எறியும்" என்றார் ரப்பர்காரர்.

பார்த்தேன். உண்மைதான், கடல் தன் தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. வேர்களில் ஈரக் கோடு ஒரு சாண் மேலே தெரிந்தது. சின்ன மீன்களெல்லாம் வேறு வழியில்லாமல் வேர்க்காட்டை விட்டு வெளியே வர, அவற்றுக்காக இன்னொன்று வெளியே காத்திருக்க, இத்தனையும் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. தினமும் இரண்டு தடவை, நான் கோட்டாறில் கடைக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இது நடந்திருக்கிறது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மணிக்கட்டை மட்டும் அசைத்தேன். பொய்மீன் போய் ஒரு வேரின் நிழலில் இறங்கியது. இரண்டு சுற்று சுற்றினேன். நிறுத்தினேன்.

அறைந்தது.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. கம்பு அடிவரை வளைந்தது. நூல் தண்ணீரை அறுத்துக்கொண்டு போன சத்தம், கத்தரிக்கோல் பட்டுத்துணியில் ஓடும் சத்தம், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மீன் வேரைப் பார்த்து ஓடியது. "வேருக்க உள்ள விடாதேயும்! விடாதேயும்!" என்று ரப்பர்காரர் கத்திக்கொண்டே கழியை ஊன்றி வள்ளத்தை நடுக் காயலுக்குத் தள்ளினார். மீன் எழுந்தது. முழு உடம்பும் நீருக்கு மேலே, வாய் திறந்து, செதிலெல்லாம் வெயில் பட்டு. அது தலையை உதறியபோது பொய்மீன் அதன் உதட்டோரத்தில் கிலுகிலுவென்று ஆடியது தெரிந்தது. ஒரு கொக்கிதான் பிடித்திருந்தது. போய்விடும் என்று நினைத்தேன். போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், எந்தச் சாமியிடம் என்று கேட்காதீர்கள்.

ரப்பர்காரர் அதை வலையில் ஏந்தினார். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கினேன். செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்கள். உள்ளங்கை கிழிந்தது. வலி மாலையில்தான் தெரிந்தது. அப்போது நான் அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன் நிறத்துக்குள்ளே சிவப்பு. அவ்வளவு கிட்டத்தில் அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. அது என்னைப் பார்த்ததா என்று தெரியாது. எங்கள் வீட்டுக்குள் நுழையாத மீன் என் இரண்டு கையிலும் கனமாக, குளிர்ச்சியாக, முழு உயிரோடு இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கெடத்தும், கெடத்தும், மூச்சுக்குத் தவிக்குது" என்றார் ரப்பர்காரர், போனைக் கையில் வைத்துக்கொண்டு.

பலகையை நனைத்துக் கிடத்தினேன். மூக்கை ஒரு கையால் பிடித்து வைத்தேன், வாலை இன்னொரு கையால் நீவி விட்டேன். டோக்கனைப் பக்கத்தில் வைத்தேன். அவர் போட்டோ எடுத்தார். கால் நிமிடம்கூட ஆகியிருக்காது. உடனே தூக்கி வள்ளத்தின் ஓரத்தில் நீருக்குள் பிடித்தேன். மீன் சாய்ந்தது. என் மனைவி சொன்னது காதில் கேட்டது. கம்பைப் பற்றிய பயம் இல்லை அது. இத்தனை பெரிய உயிர் என் கையில் முடிந்துவிடுமோ என்ற பயம். ரப்பர்காரர் வள்ளத்தைத் திருப்பி, நீரோட்டம் அதன் வாய்க்குள் போகும்படி நிறுத்தினார். செவுள் திறந்தது. மூடியது. எவ்வளவு நேரம் அப்படியே பிடித்திருந்தேனோ தெரியாது, முதுகு விறைத்துப்போனது. பிறகு என் கைக்குள்ளே ஒரு முறுக்கு ஓடியது. வாலை ஒரே ஒரு வீச்சு வீசி என் முகம் முழுக்கத் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது.

 ரப்பர்காரர் என் தோளைத் தட்டினார். பதினோரு மணி விசில் ஊதும்வரை நான் வேறு வீச்சு வீசவே இல்லை.

சாயாக்கடையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். என் ஈரச் சட்டையையும் கையில் சுற்றிய துணியையும் பார்த்ததுமே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். சாயாக்கடைக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி, கயிற்றில் பன்னிரண்டாவது இடத்தைத் துடைத்தே விட்டார். நான் பொய்மீனைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கொக்கி பையைக் கிழித்துக்கொண்டிருந்தது, கிழியட்டும் என்று விட்டேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் போட்டோவைப் பெரிதாக்கினார். வால் பக்கம் பார்த்தார். மூக்குப் பக்கம் பார்த்தார். மறுபடி வால் பக்கம் பார்த்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"அம்பத்தொம்பதரை" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். மீனின் மூக்கு சிவப்புக் கோட்டில் இல்லை. கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில், மூக்கைத் தாங்கியபடி, என் கட்டைவிரல். சரியாக ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மீனை முன்னால் தள்ளிப் பிடித்திருக்கிறேன். அதனால் வால் அறுபதைத் தொடாமல் அரை சென்டிமீட்டர் குறைவில் நின்றுவிட்டது. துணி அளப்பது மாதிரி அளந்திருக்கிறேன். மீனுக்கு விரல்கடை விட்டிருக்கிறேன்!

ரப்பர்காரர் துள்ளினார். "டீச்சரே, இது ஆளுக்க கொணமாக்கும். துணி அளக்கிற கை. எனக்க கம்பு உறைக்கும் இவரு ஒரு விரலு கூட்டித்தான் தந்தாரு, தையக்காரன் செல்லித்தான் எனக்கே தெரியும். மீனு அறுபதுக்கு மேலதான், கண்ணு இருந்தா பாருங்க!"

கடையில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். மூக்கு கோட்டுக்கு உள்ளே இருந்தால்தானே ஏமாற்று, வெளியே இருந்தால் ஆளுக்குத்தானே நஷ்டம் என்றார் ஒருவர். பலகை சொல்வதுதான் விதி என்றார் இன்னொருவர். டீச்சர் பென்சிலால் மேஜையைத் தட்டி எல்லோரையும் அடக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நிங்க முப்பது வருஷமா அளக்கிற ஆளு. ஒங்க வெரலு எவ்வளவு அகலம்னு ஒங்களுக்குத் தெரியும். நிங்க செல்லுங்க. நிங்க செல்லுறதை நான் எழுதுதேன்."

தெரியும். இரண்டு சென்டிமீட்டர். மில்லிமீட்டர் பிசகாமல் தெரியும். அறுபத்தொன்றரை. அதைச் சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன். சாயாக்கடைக்காரர் இன்னும் ஸ்டூலில் இருந்து இறங்கவில்லை. மூன்று வருடம் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான காலியிடம் அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. பையில் கொக்கி நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

ஆனால் விட்ட விரல்கடையை நான் யாரிடமும் திரும்பக் கேட்டதில்லை. இன்னது விட்டேன் என்று சொன்னதுகூட இல்லை. சொன்னால் அது கொசுறு ஆகாது, பேரம் ஆகிவிடும். அந்த வள்ளத்தில் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் புத்தி வேலை செய்யவில்லை. வேலை செய்தது விரல் மட்டும்தான். அது என்னைக் கேட்காமல் மீனுக்கு இரண்டு சென்டிமீட்டர் விட்டுக் கொடுத்துவிட்டது. இப்போது நான் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டுமா?

"பலகையில உள்ளதை எழுதுங்க டீச்சர்" என்றேன்.

சொன்ன மறுநிமிடமே எனக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. பெரிய தர்மவான் மாதிரி என்ன பேச்சு இது என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டேன். டீச்சர் ஐம்பத்தொன்பதரை என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தை வாங்கினார். சாயாக்கடைக்காரர் ஸ்டூலில் இருந்து இறங்கினார். ரப்பர்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் வள்ளத்தைக் கழுவ ஆரம்பித்தார்.

 நானும் அவரும் நாகர்கோவில் வரை பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம், அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். கீரிப்பாறை பஸ்ஸில் ஏறிய பிறகு, பஸ் நகரத் தொடங்கும்போது, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஓய், அந்த ஒரு விரலு இல்லேன்னா எனக்க கம்புக்க நுனி உறைக்கு வெளியதான் நிக்கும், தெரியுமா? என்னைக்கோ ஒடிஞ்சிருக்கும்!" கோபமாகத்தான் சொன்னார். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று சிரித்ததைப் பார்த்து மட்டிப்பழம் விற்கிற அம்மா ஒதுங்கிப் போனார்.

வீட்டில் புழக்கடைக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தபோது மனைவி துண்டோடு வந்து நின்றாள். "கிட்டிச்சா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை, அழுகையை, விரலை, டீச்சர் கேட்டதை. அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "மீனுக்கும் விட்டியளா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு என் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்து, மஞ்சள் வைத்துக்கொண்டே, "உசிரோட போச்சுல்லா?" என்று கேட்டாள். போச்சு என்றேன். "அப்ப சரி" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் ஆளாக ஒரு பெண் ஜாக்கெட் துணிக்கு வந்தார். கோலை எடுத்தேன், துணியின் முனையைப் பிடித்தேன். கட்டைவிரல் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. முப்பது வருடத்தில் அது அப்படி நின்றதில்லை. தன்னால் நான் இழந்ததை அது நினைத்துப் பார்த்ததோ என்னவோ. "அளங்க அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் அந்தப் பெண். நான் விரலை முன்னால் தள்ளினேன்.

இந்த வருடம் டீச்சர் பலகையின் சிவப்புக் கோட்டில் ஒரு மரக்கட்டையை ஆணியடித்து வைத்துவிட்டார். மூக்கை அதில் முட்டித்தான் வைக்க முடியும். என்னால் வந்த திருத்தம் என்று கிளப்பில் எல்லோருக்கும் தெரியும், கேலிக்குக் குறைவில்லை. சாயாக்கடைக் கயிற்றில் இன்னமும் பதினொன்றுதான். நான் போகிறேன், வீசுகிறேன். பிடித்தால் ஏறட்டும். வடையின் ருசி இப்போது தெரிகிறது, உண்மையிலேயே பிரமாதம்தான்.

நீர் இறங்கும் நேரத்தில் சாயாவோடு வெளியே வந்து அந்த வேர்க்காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கொடுவா இன்னும் அங்கேயே இருக்கலாம். கடலுக்குப் போய் வந்திருக்கலாம். இன்னும் சில வருடத்தில் டீச்சர் சொன்ன அம்மா மீனாகக்கூட ஆகிவிடலாம். எந்தப் பலகையிலும் ஏறாத என் இரண்டு சென்டிமீட்டரும் அதோடு சேர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும்.